குடிக்கிறதா, ஒழுகுகிறதா?

யமுனா எக்ஸ்பிரஸ்வேயை விட்டு மதுராவுக்கு இறங்கும் வளைவில்தான் அந்த விளக்கு முதலில் கண் சிமிட்டியது. எண்ணெய்க் குடுவை போல ஒரு படம், ரத்தச் சிவப்பில். நேர்ச்சாலைக்கு வந்ததும் அணைந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் சித்தியும் பின் இருக்கையில். ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். “அதான் அணைஞ்சிடுச்சே, போகலாம்பா” என்றார் சித்தப்பா. கோயில் நடை சாத்திவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு.

போயிருந்தால் கோயிலுக்குப் பதில் கிரேனைத்தான் பார்த்திருப்போம். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அடித்தொட்டியில் ஆயில் மிகக் குறைந்திருந்தால், வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தச் சில நொடிகளில் பேரிங்குகள் வறண்டு ஓடுகின்றன. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஈரமில்லை. சர்வீஸ் விட்டு 3,800 கி.மீ.தான் ஆகியிருந்தது. அருகிலிருந்த பெட்ரோல் பங்க்கில் ஒன்றரை லிட்டர் வாங்கி ஊற்றிய பிறகுதான் கிருஷ்ண தரிசனம்.

தில்லி திரும்பியதும் வழக்கமான ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பானெட்டைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை உறுமவிட்டு, ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார்கள்: “காடி தேல் கா ரஹீ ஹை, சாப். ரிங், பிஸ்டன் கதம்.” இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரிக்க வேண்டும். ரூ. 48,000.

மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இங்கே ஒரு சின்ன நெருடல். இந்தியில் கார் ஆயிலைத் தின்கிறது. நம் ஊர் மெக்கானிக்கிடம் அது ஆயிலைக் குடிக்கிறது. ஆங்கிலத்தில் எரிக்கிறது. மூன்று வினைச்சொற்களும் ஆயில் இன்ஜினுக்குள்ளேதான் போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவை. வெளியே ஒழுகினால்? சர்வீஸின்போதே குறைவாக ஊற்றியிருந்தால்? வினைச்சொல்லிலேயே 48,000 ரூபாய் ஒளிந்திருந்தது.

கார் பெரிய விஷயமில்லை. பதினோரு வயதான பெட்ரோல் கார். ஆனால் தில்லியில் காரின் வயதுக்குத் தனிப் பொருள் உண்டு. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகரில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் விவகாரம் மறுபடி நீதிமன்றப் படியேறியது. நான் என் கணக்கில் நாலு வருடம் என்றே வைத்துக்கொண்டேன். நாலு வருட ஆயுளுக்கு 48,000 ரூபாய்ச் சிகிச்சையா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு.

மயூர் விஹாரில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில், அதாவது வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் பிரிவில், சுபேதாராக ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னேன்.

“எவ்வளவு குடிக்குது தம்பி?”

“நிறைய சார்.”

“நிறையன்னா? ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு?”

என்னிடம் பதில் இல்லை. “அப்ப அவனுக்கும் தெரியாது” என்றார். பேரனின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று என் கைக்கு வந்தது.

எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயிலைச் செலவழிக்கத்தான் செய்யும். சிலிண்டர் சுவரில் படியும் மெல்லிய படலம் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. சில ஐரோப்பியக் கார்களின் கையேடு 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர்வரைகூடப் போகலாம் என்கிறது (வாரன்டி கேட்டு வருபவர்களை வாசலிலேயே நிறுத்த வசதியான எண் என்பது என் சந்தேகம்). என் மாதிரிச் சின்னக் காருக்கு அது அதிகம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்து மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். மேல்கோட்டுக்குச் சரியாக நிரப்பி, அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. அதிகமானால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி, காற்றுக் குழாய் வழியே வெளியேற்றிவிடும். அதுவும் ‘குடிக்கிற’ கணக்கில் சேரும். ஐந்து வாரம் எழுதினேன். 950 கி.மீ.க்கு 1 லிட்டர்.

இரவில் காருக்கு அடியில் பழைய வார இதழ்களைப் பிரித்துப் போட்டேன். (நம்முடையதும் இருந்தது, ஆசிரியர் மன்னிக்க.) காலையில் அட்டைப்படத்து முகங்களில் ஒரு பொட்டுகூட இல்லை. ஓடும்போது மட்டும் கசியும் ரகமும் உண்டு. டாப்பெட் கவர் பேக்கிங் வழியே சொட்டிச் சூடான சைலன்சர் குழாயில் விழுந்தால் தரையில் தடயமே இருக்காது, கருகல் வாடை மட்டும் வரும். இன்ஜினைத் துடைத்துவிட்டு 100 கி.மீ. ஓட்டிப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. ஆக உள்ளேதான் போகிறது. வினைச்சொல் சரிதான். ஆனால் எந்த வழியாக?

இதற்குப் புகை பதில் சொல்லும், பார்க்கத் தெரிந்தால். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளை, கூலன்ட் உள்ளே கசிவது. நீலம் ஆயில். அந்த நீலம் எப்போது வருகிறது என்பதுதான் சூட்சுமம். ரிங் தேய்ந்திருந்தால் பாரம் இழுக்கும்போது, பாலம் ஏறும்போது வரும். வால்வு தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப்போயிருந்தால், இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக் காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு பொட்டலமாக வெளிவரும். இன்ஜின் சும்மா ஓடும்போதும் இப்படித்தான்: உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் அதிகம், சீலின் இடுக்கு வழியே ஆயில் உறிஞ்சப்படும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பினால் பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும். ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. சுபேதாரின் பேரன் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தான். நிஜாமுதீன் பாலத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஏறியபோது ஒன்றுமில்லை. ஐ.டி.ஓ. சிக்னலை விட்டதும், “அங்கிள், நீலமா வந்துச்சு!”

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். பட்பர்கஞ்ச் பக்கம் ஒரு சின்னக் கடையில் 500 ரூபாய்க்குச் செய்தார்கள். பிளக்கைக் கழற்றி அங்கே மீட்டரைப் பொருத்தி இன்ஜினைச் சுழற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி. அழுத்தம் சட்டென்று ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ரிங்கின் இடைவெளியை ஊற்றிய ஆயில் அடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆயில் விட்ட பிறகும் பெரிய மாற்றமில்லை. நான் குதித்தேன். சுபேதார் குதிக்கவில்லை. “மேல் ரெண்டு ரிங்தான் கம்ப்ரஷனைப் புடிக்கும். மூணாவது ரிங் ஆயிலை வழிக்கிறது. அது கரி புடிச்சு இறுகியிருந்தா மீட்டர்ல தெரியாது தம்பி.” ஆக ரிங்குக்கு முழு விடுதலை இல்லை, ஜாமீன் மட்டும்.

பிரதான குற்றவாளி கட்டைவிரல் அளவே இருந்தது. பிஸ்டனைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதிக்குள் கசியும் வாயுவைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாய்க்கே அனுப்பும் ஒருவழி வால்வு, பி.சி.வி. வால்வு. கழற்றிக் காதருகே ஆட்டினால் கிலுகிலுக்க வேண்டும். என்னுடையது ஊமை. திறந்தபடியே ஒட்டிக்கொண்டு, இன்ஜின் சும்மா ஓடும்போதெல்லாம் வாயுவோடு ஆயிலையும் வாரி அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் குழாய்க்குள் பால் கலந்த காபி நிறத்தில் கசடு. காரணம் நான்தான். மெட்ரோ நிலையம்வரை 3 கி.மீ., திரும்ப 3 கி.மீ. இன்ஜின் முழுசாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே சேரும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு குழைந்துவிடுகிறது.

புது வால்வு ரூ. 350. குழாயைக் கழுவி மாட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மறுபடி நோட்டு. 1,000 கி.மீ.க்கு 400 மி.லி.

மிச்சம் வால்வு சீலாக இருக்க வேண்டும். காலை வேளைப் புகை இன்னும் லேசாக வருகிறது. பிளக் துளை வழியே நைலான் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை மேலேற்றி வால்வு விழாமல் தாங்கவைத்தால், ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம் என்கிறார் சுபேதார். பட்பர்கஞ்ச் கடைக்காரர் அதற்கு 7,000 கேட்கிறார். மாதம் 700 கி.மீ. ஓட்டுகிற எனக்கு ஆயில் செலவு சுமார் 130 ரூபாய். சீல் போட்ட பணம் திரும்ப நாலரை வருடமாகும். கார் அதற்குள் தில்லியை விட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாகி, பிறகு நாடெங்கும் வந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என் காரிலும் இருக்கிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்து அதன்மேல் படிந்தால் மெல்ல மெல்ல அது செயலிழக்கும். புதிதாக வாங்கினால் 7,000 எங்கே காணும்? போதாததற்கு, நவம்பரில் தில்லிக் காற்றைச் சுவாசிக்கிறவன் தன் நீலப் புகைக்கு நியாயம் கற்பிக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கயிறு வாங்க வேண்டும். 6 மி.மீ. தடிமன் போதும், நுனி பிசிறு இல்லாமல் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.