நடக்கவும் வழி வேண்டும்



ஊரில் கிணற்றடிக்கும் சந்தைக்கும் கோவிலுக்கும் நடந்தோம். உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இங்கே வாசலில் கார் நிற்கிறது. சோம்பல் மட்டுமே காரணமன்று. இருக்கும் இடமும் நம்மை இருத்திவிடுகிறது.

இந்த லண்டனிலேயே டாக்டர் ஜெரி மொறிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வில், இருந்தபடி பஸ் ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப் படிகளில் ஏறியிறங்கிய கொண்டக்டர்மாருக்கு மாரடைப்பு குறைவென்று கண்டார். தெற்காசியரான நம்மை நீரிழிவும் இருதய நோயும் வெள்ளையரைவிட இளவயதிலேயே பிடிக்கின்றன. ஆகவே நடை நமக்கு மருந்து.

மிச்சத்தில் 460 ஏக்கர் பொதுவெளி உண்டு. ஆனால் மாரிகாலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நம் பெண்களும் முதியோரும் தனியே நடக்கத் தயங்குவது நியாயமே. நடைபாதைக்கு நல்ல வெளிச்சமும், இளைப்பாற வாங்குகளும் கேட்டு நமது நிர்வாக சபை உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுதட்டும். நாமும் காரைப் பத்து நிமிட நடைத் தூரத்தில் விட்டுவிட்டுக் கோவிலுக்குக் கூடி நடப்போம்.

ஊரில் திருவிழாவுக்கு முன் கோவில் வீதியைக் கூடித் திருத்தியவர்கள் நாம்தானே? இங்கும் நமக்கான வழியை நாமே கேட்டுப் பெறுவோம்.