கொடையும் கடனும்

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே புகையிரதம் தரித்துச் செல்லும் சிறு நிலையம் வட்டகொடை. சிங்கள இடப்பெயரின் ஈற்றிலுள்ள ‘கொட’ என்னும் சொல் தோட்டத் தமிழர் நாவிலே ‘கொடை’ எனத் திரிந்தது. அப்பெயருக்கும் ஈதலுக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும், அவ்வூர் போன்ற தோட்டப் பகுதிகளுக்கு வெளியுலகம் விரும்பிக் காட்டும் முகம் கொடையின் முகமே. பாலர் நிலையத்துக்கு நாற்காலி, பாடசாலைக்குக் கணினி, லயத்துக்குத் தண்ணீர்த் தாங்கி என உதவிகள் வருகின்றன. அவற்றோடு ஈந்தவர் பெயர் பொறித்த பலகையும் வருகின்றது.

உலகின் பெருநகரங்களிலே நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகளைக் கொண்டு இயங்கும் நிறுவனங்கள் பல, தம் பெயரால் அறக்கட்டளைகளை நிறுவி நன்கொடை வழங்கி வருகின்றன. அக்கதவையும் தட்டிப் பார்த்தால் என்ன என்னும் எண்ணம் மலையகத்தின் படித்த இளைஞரிடையே எழுவது இயல்பே. தட்டுவது தவறன்று. ஆனால், சட்டத்தை விற்றுப் பொருளீட்டும் நிறுவனத்திடம் பணத்தை மட்டும் கேட்டுச் சட்டத்தைக் கேளாது திரும்புவது பெருந்தவறு. மலையக மக்களின் வறுமை பணமின்மையால் மட்டும் விளைந்ததன்று என்பதை அறிந்தோர் இத்தவற்றைச் செய்யலாகாது.

இத்தகைய அறக்கட்டளைகளின் விண்ணப்பப் படிவம் வழக்கமாக எவற்றைக் கேட்கிறது என்பதை முதலில் நோக்குதல் தகும். தோட்டமொன்றின் இளைஞர் மன்றம் தன் வாசிகசாலைக்கு ஒரு கூரை வேண்டி விண்ணப்பிக்க முற்படுகிறது எனக் கொள்க. மன்றம் பதிவு செய்யப்பட்டதா என்பது முதல் வினா. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தொண்டர் அமைப்பாகப் பதிவு பெறுவதற்கே அலுவலகம் பல ஏறி இறங்க வேண்டும். கணக்காய்வு செய்யப்பட்ட சில ஆண்டுக் கணக்குகள் எங்கே என்பது அடுத்த வினா. மாதச் சந்தாவைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் மன்றத்திடம் அதற்கு விடையில்லை. கட்டடம் நிற்கும் நிலத்தில் மன்றத்துக்குள்ள உரிமை யாது என்பது மூன்றாவது வினா. அந்நிலம் அரசுக்குரியது, நிர்வாகம் கம்பனியிடம் உள்ளது. ஆகவே துரையின் சம்மதக் கடிதம் வேண்டும். முகவரியைக் குறிக்கும் கட்டமும் எளிதன்று. தோட்டக் கந்தோர் வழியாகவே நெடுங்காலம் கடிதம் பெற்று வந்த மக்களுக்கு வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் அண்மைக்காலக் கனவுகளே. இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதி, தம் துன்பத்தை அளந்து காட்டி, நிழற்படமும் இணைக்க வேண்டும்.

இவ்வினாக்கள் தீய நோக்குடன் வகுக்கப்பட்டவை அல்ல. பிறர் பணத்தைக் கையாள்வோர் கணக்குக் கேட்பது முறையே. எனினும், இவ்வினாக்களுக்கு விடையளிக்க இயலாமையே அம்மக்களின் நோய் என்பதைப் படிவம் காண்பதில்லை. பதிவில்லை, நிலமில்லை, முகவரியில்லை என்பன சட்டத்தால் விளைந்த குறைகள். சட்டம் கற்றோரின் அறக்கட்டளை அவற்றைக் கண்டு விண்ணப்பத்தைத் தள்ளி வைப்பது, நோய் முற்றியிருக்கிறது என்று கூறி மருத்துவர் நோயாளியை வாயிலோடு அனுப்புவதை ஒக்கும்.

சட்டம் மலையகத்துக்குச் செய்ததை வட்டகொடையின் அயலிலிருந்தே காட்டலாம். அவ்வூரை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்திலே 1914 இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. அச்சட்டங்களை எதிர்த்த கோடக்கன்பிள்ளை வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953 இல் தோற்றது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. ஒரு சட்டத்தின் தீங்கைக் களைய 55 ஆண்டுகள் சென்றன. அக்கால இடைவெளியை எந்த நன்கொடை ஈடுசெய்யும்?

இன்னுமோர் எடுத்துக்காட்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தராததாய் இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தனர். அவ்வுறுப்பினரோ தமக்கு வாக்களித்த லயத்துப் பாதைக்கு ஒரு வண்டிக் கல் போட இயலாதவராயினர். அதன் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்ட பின்னரே தடை நீங்கிற்று. கொடையாளர் பாதைக்கும் விளக்குக்கும் பணம் தந்துகொண்டிருந்த அந்த 31 ஆண்டுகளும், பாதையும் விளக்கும் பொதுநிதியிலிருந்து வரக்கூடாது எனச் சட்டப் பிரிவொன்று தடுத்துக்கொண்டே இருந்தது.

சட்டத்தரணிகள் செய்யக்கூடியது யாது என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. 1937 ஆம் ஆண்டிலே, மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழில் பழக வந்த பிரேஸ்கேடில் என்னும் வெள்ளையர், தொழிலாளர் பக்கம் நின்று பேசியமைக்காக நாடுகடத்தப்படவேண்டுமெனத் தேசாதிபதி கட்டளையிட்டார். நாட்டின் தலைசிறந்த சிவில் சட்டத்தரணியாகிய எச். வி. பெரேரா ஊதியம் பெறாது அவருக்காக வாதாடினார். கட்டளை செல்லாது என நீதிமன்றம் தீர்த்தது. அன்று அவர் ஈந்தது காசோலை அன்று. தாம் கற்ற வித்தையை, அது தேவைப்பட்ட வேளையில், தேவைப்பட்டவருக்கு ஈந்தார்.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. 2024 மே மாதத்திலே 1350 ரூபா அடிப்படைச் சம்பளமும் 350 ரூபா கொடுப்பனவுமாக நாளொன்றுக்கு 1700 ரூபா வழங்குமாறு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டது 1350 ரூபாவே. அந்த 350 ரூபாக் கொடுப்பனவு அதில் இடம்பெறவில்லை. நீதிமன்றை நாடுவது கம்பனிகளின் உரிமை. அவர்களுக்காகத் தோன்றுவது சட்டத்தரணிகளின் தொழில். ஆனால், சட்ட அறிவை விலைக்கு வாங்க வல்லவர் ஒரு பக்கத்திலும், அதனை இரந்தும் பெற அறியாதவர் மறு பக்கத்திலும் நிற்கையில், தராசு நேராக நிற்குமென எதிர்பார்ப்பது பேதைமை. சட்ட நிறுவனத்தின் அறக்கட்டளை அந்தத் தராசைத் தொடாது, கொப்பியும் பென்சிலும் வழங்கி விடைபெறுமாயின், அதன் அறம் அரையறமே.

பிற நாடுகளிலே இவ்வுணர்வு ஓரளவு வேரூன்றியுள்ளது. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மாதிரி ஒழுக்கவிதி, ஒவ்வொரு சட்டத்தரணியும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணிநேரம் ஊதியமின்றிப் பொதுநலச் சட்டப்பணி ஆற்ற முயலவேண்டும் என்கிறது. நியூயோர்க் மாநிலம் 2015 முதல், சட்டத்தரணியாகச் சேர விரும்புவோர் 50 மணிநேரம் அத்தகைய பணி ஆற்றியிருத்தல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியுள்ளது. இலங்கையில் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. அரசின் அவ்வாணைக்குழு இருப்பதால் தனியார் சட்ட நிறுவனங்களின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை.

தோட்டங்களிலே அந்த மணிநேரங்களுக்கு வேலை இல்லாமலில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர் என்றிருக்கும் தொழிலாளி, ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைகிறார். 2015 இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்களிலும், தம் கையிலுள்ள பத்திரம் முழு உரித்துறுதிதானா என்று அறியாதோர் உளர். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் ஓய்வுபெறும் தொழிலாளிக்கு ஒரு தொகையை உரித்தாக்குகிறது. தமிழிலே அதற்குப் ‘பணிக்கொடை’ என்று பெயரிட்டனர். பெயரில் கொடை உண்டு. உண்மையிலோ அது கம்பனி செலுத்தியே தீரவேண்டிய கடன். அக்கடன் தாமதிக்கையில், கேட்டு வாங்க ஒரு சட்டத்தரணியின் கடிதம் போதும். அக்கடிதத்தை எழுத ஆளில்லாமையே குறை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். மழைக்கு ஒழுகும் கூரை வழக்கு முடியும் வரை காத்திராது. பசித்த பிள்ளைக்குப் பிரிவும் உட்பிரிவும் உணவாகா. இம்மறுப்பு நியாயமானதே. கூரைக்குக் கிடைக்கும் பணத்தை வேண்டாமென்று தள்ளுதல் வீம்பு. அவ்வீம்பின் விலையைக் கொடுப்பவர் லயத்துப் பிள்ளைகளே. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொடுப்பதன் பெருமையையும் கேட்பதன் இழிவையும் ஒருங்கே உணர்ந்த மரபு அது. ஆகவே, கேட்பதா விடுவதா என்பதன்று இன்றைய வினா. எதை, எந்நிலையில் நின்று கேட்பது என்பதே வினா.

அதற்கு விடை கூறும் பொறுப்பு, பல்கலைக்கழகம் கண்ட மலையகப் பட்டதாரிகளைச் சார்ந்தது. அவர்களே விண்ணப்பம் எழுதும் கைகள். அழுகையை அழகிய ஆங்கிலத்தில் வடிப்பதற்கு மட்டும் அக்கைகள் பயன்படுமாயின், கங்காணி துரைக்கு மனு எழுதிய காலத்துக்கும் இக்காலத்துக்கும் வேறுபாடு சிறிதே. கூரைக்குரிய தொகையைக் கேட்கும் அதே விண்ணப்பத்தில், தலவாக்கலை நகரில் மாதம் இருமுறை தமிழிலே நடைபெறும் சட்ட ஆலோசனைக்கும் கேட்டல் வேண்டும். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் அமையவேண்டும் எனக் கேட்டல் வேண்டும். கணக்குக் காட்டுவதற்கு உடன்படும்போதே, அந்நிறுவனம் தோட்டக் கம்பனிகளுக்காகவும் தோன்றுகிறதா என வினவுதல் வேண்டும். விடை ஆம் என வந்தால் நன்கொடையைப் பெறக்கூடாது என்பதன்று. பெறுவோர் அறிந்து பெறவேண்டும் என்பதே கருத்து.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை 2023 இல் நினைவுகூரப்பட்டது. அத்தனை காலம் உழைப்பைக் கொடுத்தவர் அம்மக்கள். நாடே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. வட்டகொடையிலிருந்து அடுத்த விண்ணப்பம் எழுதப்படுகையில், உதவி என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் உரித்து என்னும் சொல்லும் இடம்பெறட்டும். மூன்று பெயரோடு ஓய்வுபெறும் முதியவளுக்கு அவள் பெயரை ஒன்றாக்கித் தருவது, சட்டம் கற்ற எவர்க்கும் ஒரு முற்பகல் வேலையே.