பங்கு இல்லாத பங்காளிகள்

மூன்று வட்டங்கள் போட்ட ஸ்லைடு ஒன்றை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஒன்றில் சுற்றுலா, இன்னொன்றில் இயற்கைப் பாதுகாப்பு, மூன்றாவதில் உள்ளூர்ப் பொருளாதாரம். மூன்றும் வெட்டிக்கொள்கிற நடு இடத்தில் 'பங்காளிகள்' என்று எழுதியிருக்கும். சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் இந்த மாதிரிப் படங்களை நானே நிறைய வரைந்திருக்கிறேன். வட்டம் போடுவது சுலபம். நடுவில் நிற்பது யார் என்று கேட்டால்தான் சங்கடம்.

ஓசூர்ப் பக்கம் இந்தக் கேள்விக்கென்று ஒரு பருவமே உண்டு. மழை முடிந்து ராகி முற்றுகிற மாதங்களில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று இறங்கி வரும். சில கூட்டங்கள் தேசிய நெடுஞ்சாலை ஓரத்துச் சானமாவு காடு வரைக்கும் வந்து தங்கிவிடும். சாலையில் நைட் ஷிஃப்ட் பஸ்கள் சிப்காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச தூரத்தில் டார்ச்சும் பட்டாசுமாக ஒருவர் பரணில் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருத்தர் என்னிடம் கேட்டது இன்னும் உறுத்துகிறது: "யானை கவர்மெண்ட்டுது, சரி. அது தின்ன ராகி மட்டும் எப்படி சார் என்னுது?"

இந்தக் கட்டுரை யானைக்கு எதிரானது இல்லை. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வந்தது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு வந்தது, 686 சதுர கிலோமீட்டர். கர்நாடகத்துக் காவிரிக் காட்டோடு நம் காட்டைச் சேர்க்கிற தொடர்ச்சி இது. தொழிற்பேட்டைகள் இந்த வேகத்தில் பரவுகிற ஊரில் இந்த அறிவிப்புகள் இல்லாவிட்டால் இருபது வருஷத்தில் காடே மிச்சமிருக்காது. இரண்டையும் மனசார வரவேற்கிறேன். என் சண்டை இதற்கான பில் யார் பேருக்குப் போகிறது என்பதில்தான்.

அதே 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காட்டுக்குள் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. முதலில் எல்லா வனப்பகுதிக்கும் என்று சொல்லி, அதே மாதத்தில் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. அப்படியென்றால், எட்டு மாதம் கழித்து ஒரு காட்டைச் சரணாலயம் என்று அறிவிப்பது வெறும் பெயர்ப்பலகை மாற்றம் இல்லை. ஆலம்பாடி மாடு இந்தக் காவிரிக் காட்டோர மேய்ச்சலில் உருவான இனம். அந்த மாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அதை ஓட்டிக்கொண்டு போகிறவரைக் காட்டு வாசலில் மறிக்கிறோம். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

இனி சுற்றுலா. பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிற ஆட்கள் யார்? நானும் நீங்களும்தான். காட்டோர ரிசார்ட் ஜன்னலில் யானை தெரிந்தால் அதிர்ஷ்டம் என்கிறோம். ஸ்டேட்டஸ் போடுகிறோம். அந்த யானைக்குத் தீனி போட்டது பக்கத்து வயல். ரூம் வாடகையில் அந்த வயலுக்கு ஒரு பைசா கிடையாது. பயிர்ச்சேதத்துக்கு அரசு இழப்பீடு உண்டே என்பார்கள். இழப்பீடு என்பது நஷ்டத்தில் கொஞ்சம் திரும்பி வருவது. லாபத்தில் பாகம் என்பது வேறு சமாச்சாரம்.

"உள்ளூர்க்காரங்களுக்கு வேலை கிடைக்குதே?" கிடைக்கிறது. வாட்ச்மேன், தோட்டவேலை, ரூம் கழுவுவது. சுற்றுலாவையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒகேனக்கல் போய்ப் பாருங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை. பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான். ஆனால் தடை நீடிக்கிற நாளெல்லாம் பரிசல்காரர், மசாஜ் செய்கிறவர், மீன் வறுக்கிறவர் எல்லோருடைய அடுப்பும் சேர்ந்து அணைகிறது. வெள்ளத்தின் ரிஸ்க் முழுக்க அவர்கள் தலையில்.

அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நீலகிரியின் சீகூரைக் காட்டுவார்கள். அங்கே யானை வழித்தடத்தில் முளைத்த ரிசார்ட்டுகள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2020-இல்தான் வழித்தடத்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. நியாயமான பயம். நான் அவர்களுக்குத் தேக்கடியைக் காட்டுவேன். பெரியாறு காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களைத் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு குழுவாக்கி, அதே காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளாக மாற்றினார்கள். காட்டையும் அவர்களே ரோந்து சுற்றினார்கள். பயணிகளிடம் வாங்குகிற கூடுதல் கட்டணம் பெரியாறு பவுண்டேஷன் வழியாகப் பாதுகாப்புக்கும் மக்கள் குழுக்களுக்கும் போகிற ஏற்பாடும் வந்தது. அங்கேயும் கடிவாளம் வனத்துறை கையில்தான். குறை நிறைய உண்டு. ஆனாலும் காட்டைக் காப்பதில் வருமானம் இருக்கிறது என்பது காட்டை அறிந்தவனுக்கே புரிகிற மாதிரி கணக்கு போடப்பட்டது.

நம்ம ஊரில் பங்காளி என்றால் சொத்தில் பாகம் உள்ளவன். பாகம் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவான். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புகிற ஆளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அதனால் அஞ்செட்டியிலோ தளியிலோ இனி சூழல் சுற்றுலா என்று யார் பேசினாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நுழைவுக் கட்டணத்திலும் ரூம் வாடகையிலும் யானை இறங்குகிற கிராமங்களுக்கு எத்தனை சதவீதம், அது எழுத்தில் இருக்கிறதா? மேய்ச்சல் உரிமைகளைத் தீர்த்துவிட்டு ஆரம்பிக்கிறீர்களா, இல்லை ஆரம்பித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாமா? இந்த இடத்தில் ரிசார்ட் வேண்டாம் என்று கிராமசபை சொன்னால் நிறுத்துவீர்களா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், மற்ற இரண்டுக்கும் என்ன பதில் வந்தாலும் நம்பாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாதவருடைய சம்மதத்துக்கு என்ன மதிப்பு? அடுத்த வெள்ளிக்கிழமை ரூம் புக் பண்ணும் முன் போனில் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். எரிச்சல்படுவார்கள். பரவாயில்லை, பரணில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவரின் எரிச்சலைவிட அது சின்னதுதான்.