பழைய கிணற்றுக்குள் புதுக் குழாய்

சென்ற கோடையில் எங்கள் தோட்டத்து போர் இளைத்துப்போனது. காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்று வரும், மோட்டார் சும்மா உறுமும். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் போட்ட நாலரை அங்குல போர் அது. ஆழம் 320 அடி. மோகனூரில் காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் பொறாமைப்படுவார்கள். ஆற்றில் மணலும் குறைந்து, ஆற்றை விட்டுக் கொஞ்சம் மேடேறியும் விட்டால், நம் தோட்டமும் மானாவாரிக் காடும் ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

புது போர் போடலாமா, பழையதையே ஆழப்படுத்தலாமா என்று வீட்டில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. ரிக் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ரீபோர் பண்ணிக்கலாங்க சார், பழைய குழிதானே, செலவும் பாதிதான்" என்றார். நானும் தலையாட்டினேன். ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கீழே போகப் போகிறோம், அவ்வளவுதானே என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. நம் பக்கம் மேல் மண்ணுக்கு மட்டும்தான் கேசிங் பைப் இறக்குவார்கள். பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள், அதற்குக் கீழே பாறை தானாக நிற்கும். எங்கள் கேசிங்கோ பழைய இரும்பு. எங்கே துருப்பிடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று மேலே நிற்பவனுக்கு என்ன தெரியும்? ஹாமர் உள்ளே இறங்கி அடிக்க ஆரம்பித்த மூன்றாவது மணி நேரத்தில் குழாய் ஓரிடத்தில் பிளந்தது. மண்ணும் கல்லும் சரிந்து ஹாமரின் தலையில் உட்கார்ந்தன. இரண்டு நாள் இழுத்தார்கள். ஹாமர் வரவில்லை. அரை மணி நேரம் வந்துகொண்டிருந்த தண்ணீரும் போயிற்று.

இந்தக் கதையைத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சர்க்கரை ஆலையில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தம்பி ஒருவர் கேட்டார்: "பழைய கேசிங்குக்குள்ளயே இன்னொரு சின்ன பைப்ப விட்டு, அதை உள்ளுக்குள்ளயே விரிச்சு ஒட்ட வைக்க முடிஞ்சா எப்படி இருக்குங்க சார்? நாங்க பாய்லர் டியூப்புக்கு அதைத்தானே பண்ணுவோம்!"

டியூபைத் தகட்டின் துளைக்குள் நுழைத்து, எக்ஸ்பேண்டர் என்ற உருளைக் கருவியை அதன் வாய்க்குள் விட்டுச் சுற்றினால், டியூப் உள்ளிருந்து விரிந்து தகட்டோடு இறுகிவிடும். பற்றவைப்பு கிடையாது, ஆனாலும் நீராவி கசியாது. இரும்பை அதன் தாங்கும் எல்லைக்கு மேல் இழுத்தால் அது பழைய அளவுக்குத் திரும்பாது. அந்தக் குணத்தை வைத்துச் செய்கிற வேலை.

அவருக்குத் தெரியாமலே அவர் சொன்னது, உலகத்தின் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடித்த ஒன்று. அதைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டிய குமாஸ்தாவுக்கு எண்ணெய்க் கிணறு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது காரைக்காலில், படித்தது பிரெஞ்சு வழியில். காவிரிப் படுகையின் முதல் ஆழமான எண்ணெய்த் தேடல் கிணற்றை 1964-இல் தோண்டியது எங்கள் காரைக்காலில்தான். பள்ளி விட்டதும் அந்த இரும்புக் கோபுரத்தைப் பார்க்க சைக்கிளில் போன பையன்களில் நானும் ஒருவன். எங்களுக்குப் பெரிய ஏமாற்றம், பீச்சியடிக்கும் என்று நினைத்த எண்ணெய் ஒரு சொட்டையும் நாங்கள் பார்க்கவில்லை. பல ஆண்டு கழித்து 1980-களில்தான் நரிமணம், கோவில்களப்பால், புவனகிரி என்று ஒவ்வொன்றாக வந்தது. நாகப்பட்டினத்தை ஒட்டிய பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையே 1993-இல் வந்துவிட்டது.

அந்தக் கிணறுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. நம் போர் மாதிரியே இளைக்கின்றன. முதலில் எண்ணெய், பிறகு எண்ணெயும் தண்ணீரும், கடைசியில் பெரும்பாலும் தண்ணீர். அப்போது அங்கேயும் அதே பட்டிமன்றம்தான். புதிதாகத் தோண்டுவதா, பழையதை ஆழப்படுத்துவதா?

எண்ணெய்க் கிணறு நம் போர் மாதிரி ஒரே அளவில் இறங்குவதில்லை. டெல்டாவின் அடியில் பாறை உடனே வராது. மண், களி, மணற்பாறை என்று கிலோமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொரு அடுக்கிலும் அழுத்தம் வேறு. அதனால் கொஞ்ச தூரம் தோண்டிக் குழாய் இறக்கி, வெளிப்புறம் சிமென்ட் நிரப்பி, அந்தக் குழாய்க்குள் நுழைகிற சின்ன பிட்டை விட்டு மேலும் தோண்டி, இன்னும் சிறிய குழாய் இறக்குவார்கள். 13⅜ அங்குலம், அதற்குள் 9⅝, அதற்குள் 7. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. அடிக்குப் போகப் போகக் கிணறு ஒல்லியாகிறது.

7 அங்குலக் குழாயோடு நின்ற பழைய கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினால் அடுத்து உள்ளே போவது நாலரை அங்குலக் குழாய். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் நாலு அங்குலத்துக்கும் குறைவான ஓட்டைதான். அதில் கருவிகளை விடுவதே கஷ்டம், எண்ணெயும் வேண்டிய அளவு வராது.

கடைசியாக இறக்குகிற இந்தக் குழாய் தரைவரை வராது, மேலே இருக்கும் குழாயின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் லைனர் என்கிறார்கள். பிரெஞ்சில் இதன் பெயர் 'கொலோன் பெர்தூ'. தொலைந்துபோன குழாய் என்று அர்த்தம். மேலே நின்று பார்ப்பவன் கண்ணுக்கு அது இல்லவே இல்லை, அதனால் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் தொலைந்த ஹாமரை நினைத்துக்கொண்டேன்.

விரியும் லைனர் என்பது இந்த ஒல்லியாகும் நோய்க்கு மருந்து. ஷெல் கம்பெனி 1990-களில் இதில் இறங்கியது. 1998-இல் ஹாலிபர்ட்டனும் ஷெல்லும் சேர்ந்து என்வென்ச்சர் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டே மெக்சிகோ வளைகுடாவில் செவ்ரான் கிணறு ஒன்றில் முதல் வியாபாரப் பயன்பாடு. பழைய குழாய்க்குள் லகுவாக இறங்கும் அளவுக்குச் சிறிய குழாயை விடுவார்கள். அதன் அடியில் ஒரு கூம்பு இருக்கும். முதலில் வெளிப்புறத்துக்கு சிமென்ட் அனுப்புவார்கள், சீக்கிரம் இறுகிவிடாத சிமென்ட். பிறகு பம்ப் அழுத்தத்தால் கூம்பை அடியிலிருந்து மேலே தள்ளுவார்கள். கூம்பு ஏற ஏறக் குழாய் அகலும், நீளத்தில் கொஞ்சம் குறையும். உச்சியில் அது பழைய குழாயோடு ரப்பர் வளையங்களை நசுக்கிக்கொண்டு இறுகிவிடும். இப்போது கிணற்றின் குறுக்களவு அதிகம் குறையாமல் கீழே போகலாம். குழாய் ஓட்டையான இடத்தில் உள்சட்டை போடவும் இதே வித்தைதான். எங்கள் போரில் இது இருந்திருந்தால் பிளந்த கேசிங்கை அடைத்திருக்கலாம். என்ன, குழாயின் விலைக்குத் தோட்டத்தை விற்க வேண்டியிருக்கும்.

குறை இல்லாமலும் இல்லை. விரிந்த குழாயின் சுவர் மெலிகிறது, வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தத்தை முன்பு போலத் தாங்காது. கூம்பு பாதியில் நின்றுவிட்டால், சிமென்ட் இறுகுவதற்குள் அதை நகர்த்தியாக வேண்டும்.

நல்ல தொழில்நுட்பம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் நாடு கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 1974-இல் கண்டுபிடித்த மும்பை ஹை போன்ற கடல் வயல்களில், ஒவ்வொரு புதுக் கிணறும் பெருஞ்செலவு என்ற இடத்தில், பழையதையே பயன்படுத்துவது புத்திசாலித்தனம். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், பாதை போட வேண்டாம். கிழவனுக்கும் வேலை கொடுக்கிறார்களே என்று என் வயதுக்காரர்களுக்கு ஒரு திருப்தி வேறு.

ஆனால் டெல்டாவில்? இங்கேதான் நான் ரிக்காரர் சொன்ன "பழைய குழிதானே" என்ற வார்த்தைக்குத் திரும்பி வருகிறேன்.

2017-இல் நெடுவாசலில் மாதக்கணக்கில் மக்கள் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் ஓடித் தீப்பிடித்தது. 2020 பிப்ரவரி 9 அன்று நம் சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் நடந்த விழாவில்தான் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்குவோம் என்று அறிவித்தார். அந்த மாதமே சட்டமும் வந்தது. எண்ணெய், எரிவாயுவுக்காகப் புதிதாகத் தேடுவது, துளையிடுவது, எடுப்பது அந்த மண்டலத்தில் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவற்றைச் சட்டம் தொடாது.

அப்படியானால் பழைய கிணற்றின் அடியைக் குடைந்து இன்னும் சில நூறு மீட்டர் போவது எது? நடந்துகொண்டிருப்பதா, புதுத் துளையா?

நான் முப்பது ஆண்டுக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன். 'புதிது' என்ற கோப்பும் 'புதுப்பித்தல்' என்ற கோப்பும் ஒன்றல்ல. புதிதுக்கு ஸ்தல விசாரணை, வரைபடம், ஆட்சேபணை எல்லாம் உண்டு. புதுப்பித்தலுக்குப் பழைய எண்ணும் கட்டணமும் போதும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், டீக்கடை என்று ஆரம்பித்த ஓர் உரிமம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டது. பத்தாவது வருஷம் யதேச்சையாக அந்தப் பக்கம் போனால் மாடியோடு ஒரு லாட்ஜ் நிற்கிறது! கோப்பில் அது இன்னும் டீக்கடைதான். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு.

ஆழப்படுத்துதல் பழைய எண்ணில் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்பதுதான் என் கவலை. என் வாசிப்பில் அது புதுத் துளைதான். கிணற்றின் வாய் பழையது என்பதால் அடியில் தொடப்போகும் பாறை பழையது ஆகிவிடாது. அங்கே அழுத்தம் வேறு, திரவம் வேறு. காவிரிப் படுகையில் மாதானம் பக்கம் அடித்தளப் பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் வளம் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் வெயிலில் காய்கிற இந்த வகைக் கெட்டிப்பாறைதான் அங்கே அத்தனை மண்ணுக்கும் அடியில் கிடக்கிறது. அதைத் தேடி இறங்க வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். ஆசை தப்பில்லை, அதன் பெயரை மாற்றி எழுதினால்தான் தப்பு.

இன்னொன்றும் உண்டு. விரியும் லைனர் கீழ்ப்பகுதியைப் புதிதாக்கும். மேலே, குடிதண்ணீர் ஊற்றுகளைக் கடந்து போகிற குழாயும் அதன் பின்னால் உள்ள சிமென்டும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழையவை. கீழிருந்து வரும் புது அழுத்தம் அந்தப் பழைய சட்டைக்குள்தான் ஏறிவர வேண்டும். எங்கள் போர் பிளந்தது புதிதாக அடித்த இடத்தில் இல்லை, மேலே, யாரும் நினைக்காத இடத்தில்.

திருவாரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், "ஒரு கிணறும் வேண்டாம், எல்லாத்தையும் மூடு" என்பார். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றை நம்பித்தான் அங்கே எரிவாயு மின் நிலையங்களும் இருக்கின்றன, ஒரே நாளில் மூடுவது பேச்சுக்குச் சரி. இன்னொருவர் நேர் எதிர், வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்காதே என்பார். அவர் வீடு சென்னையில்.

ஆழப்படுத்துவதைப் புதுக் கிணறாகவே கருதி விசாரிக்க வேண்டும் என்கிறேன். 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று விதியைத் தளர்த்திவிட்டது. ஆகவே கிராம சபையாவது கேட்க வேண்டும். பழைய குழாயும் சிமென்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கருவி விட்டுச் சோதிக்கிறார்கள் அல்லவா, அந்தச் சோதனை முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். அனுமதி ஆணையில் பழைய ஆழம் இவ்வளவு, புது ஆழம் இவ்வளவு என்று இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு தாளுக்கு மேல் செலவாகாது.

எங்கள் காரைக்காலுக்கு இந்தச் சட்டம்கூடக் கிடையாது, அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தடை, அந்தப் பக்கம் தடையில்லை. கீழே இருக்கும் பாறைக்கு எல்லைக்கல் எங்கே நட்டார்கள் என்று தெரியாது. 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்டதன் பலன் இப்படியும் வந்து சேர்கிறது.

எங்கள் போர் விஷயம்: 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை விழுந்த நாளிலிருந்து திறந்த குழி என்றாலே எனக்கு நெஞ்சு அடிக்கும். அதனால் அன்றே வாயை இரும்புத் தட்டால் மூடி, கான்கிரீட் போட்டாயிற்று. ஹாமர் உள்ளேதான் இருக்கிறது. புது போருக்கு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். ஃபிட்டர் தம்பி மட்டும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "அந்தக் கூம்பு பாதியில நின்னா எப்படிங்க சார் எடுப்பாங்க?" என்று.