ஏமாந்தவரைத் திட்டும் முன் 1930க்குப் போன் செய்யுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"வீட்டிலிருந்தே வேலை" என்று நம்பி ஒருவர் பணத்தை இழந்தால், நம் வாயில் முதலில் வரும் வார்த்தை "பேராசை". அந்த வார்த்தையை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

இதில் மாட்டுபவர்கள் யார்? கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்கள், படித்து முடித்து வேலை தேடும் பிள்ளைகள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். 2023 டிசம்பரில் இந்த மாதிரி மோசடி நடத்திய 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. அப்போது வந்த அறிவிப்பும் இந்த மூன்று பிரிவினரைத்தான் குறிவைக்கிறார்கள் என்று சொன்னது. இவர்கள் உழைத்து நாலு காசு பார்க்க நினைத்தவர்கள். அதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது நியாயமா?

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், ஒரு லைக்குக்கு 50 ரூபாய். மூன்று லைக் போட்டாள்; 150 ரூபாய் கணக்கில் வந்துவிட்டது. தூண்டிலில் மாட்டிய புழு அந்த 150தான். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். அங்கே ஆளாளுக்கு "எனக்கு இன்று பணம் வந்தது" என்று படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அவர்கள் ஆட்கள்தான். 1,000 கட்டினால் 1,300 என்றார்கள், அதுவும் வந்தது. அடுத்து 5,000, அதற்குப் பிறகு 20,000. இணையதளத்தில் அவள் பெயருக்கு நேரே தொகை ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனால், "நீங்கள் டாஸ்க்கைத் தவறாக முடித்துவிட்டீர்கள், சரிசெய்ய இன்னும் கட்டுங்கள்" என்றார்கள். கடைசியில் "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்றார்கள். மொத்தம் 86,000 ரூபாய். பாதி, நகையை அடகு வைத்த பணம்.

இது மோசடி என்று அவளுக்கு நடுவிலேயே புரிந்துவிட்டது. அப்படியும் கடைசி 30,000 கட்டினாள். ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்குத் தெரியறதுக்குள்ள போட்ட பணத்தை எடுத்துடலாம்னு நெனச்சேன் சார்" என்றாள். கணவரிடம் சொன்னது பன்னிரண்டாம் நாள்.

முதல் 56,000 போனது மோசடிக்காரன் பேச்சை நம்பி. கடைசி 30,000 போனது நம் பேச்சுக்குப் பயந்து. அந்தப் பன்னிரண்டு நாட்களில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய், ரொக்கமாக வெளியேறிவிடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் புகார் கொடுத்தால், பாக்கி இருப்பதையாவது வங்கி மூலம் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாம் "பேராசை" என்று சொல்லச் சொல்ல, ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனம் திருடனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கணக்கு வாத்தியார் கணக்கில்லாமல் எப்படி முடிப்பேன்! ஒரு லைக் போட 10 வினாடி. நிமிடத்துக்கு 6, மணிக்கு 360. ஒன்றுக்கு 50 ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18,000 ரூபாய். எந்த முதலாளி கொடுப்பான்? வேலை என்று யார் சொன்னாலும் இப்படி மணிக்கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி மோசடி அங்கேயே தெரிந்துவிடும்.

மற்ற வேடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பென்சில் பேக்கிங்: பெயர்பெற்ற கம்பெனியின் பெயரைச் சொல்லி, அடையாள அட்டைக்கு, கூரியருக்கு என்று சில நூறு ரூபாயில் ஆரம்பிப்பார்கள். பென்சில் வராது.

டேட்டா என்ட்ரி: முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ராத்திரி பகலாக டைப் செய்து அனுப்பினால், "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். பயந்து பணம் கட்டாதீர்கள். அந்த நோட்டீஸையே புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.

கணக்கு வாடகை: "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வருவது இன்னொருவரிடம் திருடிய பணம். உங்கள் கணக்கு முடங்கும். வழக்கில் உங்கள் பெயரே முதலில் வரும்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: வேலை கொடுப்பவன் பணம் கொடுப்பான், கேட்க மாட்டான். பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிக் கட்டணம், வரி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனி பெயரை நீங்களே தேடி, அவர்களின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி விசாரியுங்கள். அவன் அனுப்பும் லிங்க்கில் போய்ச் சரிபார்ப்பது, திருடனிடமே சாட்சி கேட்பது போல. இன்னொன்று: பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், முதலில் 1930க்குப் போன் செய்யுங்கள். அது சைபர் நிதி மோசடிக்கான அரசின் உதவி எண். பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்திலும் புகார் பதியலாம். வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. பிறகு, "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

அறிவுரை சொல்ல வேண்டுமா? ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள், அதுவும் மெதுவாக.

அந்தப் பெண் பள்ளியில் கணக்கில் நன்றாக மார்க் வாங்கியவள். புத்திசாலிகளும் ஏமாறுவார்கள். எதிரே இருப்பது ஒரு தனி ஆள் இல்லை. என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு பேசும் கூட்டம். அதற்கு எதிராக நம் வீட்டுப் பெண்ணைத் தனியாக நிற்க விடலாமா?

இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "எவ்வளவு போனாலும் பரவாயில்லை, என்கிட்ட உடனே சொல்லு, நான் திட்ட மாட்டேன்." சொன்ன சொல்லையும் காப்பாற்றுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். சந்தேகமான செய்தி வந்தால், பணம் கட்டும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.