படிக்காமலே தீர்ப்பு எழுதும் ஐயாவுக்கு

வேங்கிக்காலில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நாவலாசிரியை ரமணிசந்திரனைப் பிடிபிடியென்று பிடித்தார். சாரம் இதுதான்: அந்த நாவல்களைப் படிக்கும் பெண்பிள்ளைகள் கனவில் மிதந்து கெட்டுப்போகிறார்கள், அவர்கள் ‘பிடிச்சிருக்கு’ என்பதெல்லாம் ஒரு கருத்தே ஆகாது, அரசு நூலகங்கள் மக்கள் வரிப்பணத்தில் இந்தப் புத்தகங்களை வாங்குவதை நிறுத்த வேண்டும். எந்த நாவலைப் படித்தீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “அதையெல்லாம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?” என்றார். கைதட்டல் வேறு.

படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் ஐயா. பாடத்தைத் தொடாமல் பரீட்சை எழுதிய பையனுக்கு நீங்கள் என்ன மார்க் போட்டிருப்பீர்கள்?

அந்தப் பெண்களுக்குக் கருத்தில்லை என்கிறீர்களே, பல கை மாறிய ரமணிசந்திரன் புத்தகம் ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பிரதியில், ‘முற்றும்’ என்பதற்குக் கீழே முதல் கை ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தது. அடுத்த கை பென்சிலில்: ‘அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டாவது அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும்.’ அதற்கும் கீழே, சிவப்பு மையில்: ‘இவனைப் போய் மன்னிச்சிட்டாளே, லூசு!’

மயங்கிக் கிடப்பவர்கள் எழுதுகிற எழுத்தா இது? அந்தப் பென்சில்காரி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களின் சூட்சுமத்தை ஒரே வரியில் பிடித்துவிட்டாள். பணக்கார நாயகன், வாய்த்துடுக்கும் தன்மானமும் உள்ள நாயகி, இடையில் ஒரு வீண் சந்தேகம், அதை ஊதிப் பெரிதாக்க ஒரு சூழ்ச்சிக்காரி, கடைசியில் கல்யாணம். முடிவு தெரிந்துதான் படிக்கிறார்கள். நம் மாவட்டத்துப் புரிசையில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவருக்குத் திரௌபதி கூந்தலை முடிப்பாளா மாட்டாளா என்ற சந்தேகமா இருக்கிறது? இந்த முறை எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறார்!

அதே மேடையில் நீங்கள் பெருமையாகச் சொன்ன ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. பதினாறு வயதில், குமுதத்தில் ‘கடல் புறா’ படிக்கக் கடைவாசலில் காத்துக் கிடந்தீர்களாம். நல்லது. காஞ்சனாதேவி நடந்து வருவதற்குள் சாண்டில்யன் எத்தனை பத்தி வர்ணிப்பார், பக்கத்தில் லதாவின் ஓவியம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். காஞ்சனாதேவி ஒருத்தி போதாதென்று மஞ்சளழகி வேறு. அதைப் படித்த பையன் கெட்டுப்போகவில்லை. அவனுக்கு ‘வரலாற்று ஆர்வம்’ வந்ததாம். தன்மானத்தை விடாத ஒரு பெண்ணைப் பற்றிய கதையைத் தங்கை படித்தால் மட்டும் குடும்பம் நாசமா?

இந்தப் புலம்பலும் புதிதல்ல. நம் ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார் நூறு வருஷத்துக்கு முன்பு ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தபோதும், இளசுகள் பாழாகின்றன என்ற கவலை பெரியவர்களுக்கு இருந்தது. 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி வாங்காத ஏச்சா? அமெரிக்காவில் நதானியேல் ஹாதார்ன் 1855-லேயே, பெண்கள் எழுதும் குப்பை விற்கும்வரை தனக்கு வழியில்லை என்று தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அவருக்காவது விற்பனைப் பொறாமை என்று ஒரு காரணம் இருந்தது.

ரமணிசந்திரனிடம் குறை இல்லையா? நிறைய இருக்கிறது. நாயகிக்கு நிறமும் அழகும் கட்டாயம். நாயகனுக்குத் தொழிற்சாலையோ எஸ்டேட்டோ வேண்டும். பெரும்பாலான கதைகளில் சாதி என்ற ஒன்று ஊரிலேயே இல்லை. சந்தேகப்பட்டுச் சொல்லால் குத்தியவனை, காதலால் செய்தான் என்று கடைசி அத்தியாயம் மன்னித்துவிடுகிறது. எனக்கு இது கொஞ்சமும் செரிக்கவில்லை. இதைப் பேசியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். நீங்கள் பேசவில்லை. அந்தச் சிவப்பு மைக்காரி உங்களுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள், அதுவும் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு.

கடைசியாக உங்கள் ‘மக்கள் வரிப்பணம்’. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் அந்தப் பெண்களின் வீடுகளும் அந்த வரியைக் கட்டுகின்றன. வாடகை வீடு என்றால் வாடகைக்குள் அதுவும் அடக்கம். உங்கள் சாண்டில்யனை வாங்க அவர்கள் தலையிலும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. அவர்கள் யாரும் மேடையேறி அதை நிறுத்தச் சொல்லவில்லை.