டேங்க் பெயின்ட்டும் சாயம் போகுமா? பெட்ரோல் துளி செய்யும் வேலை

குமாரபாளையம் பைபாஸ் ஓரத்துப் பெட்ரோல் பங்குகளில் தினமும் நடக்கும் காட்சி இது. ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்த டேங்க். மேட் கறுப்பில் தங்கக் கோடு, பக்கவாட்டில் பெயர். "அண்ணா, ஃபுல் பண்ணிருங்க" என்கிறார் பைக்கில் வந்த தம்பி. நாசில் ஒருமுறை 'டக்' என்று கட் ஆகிறது. "இன்னும் கொஞ்சம் போகும்ணா" என்கிறார். வாய் வரை நிரம்பிய பெட்ரோல், மூடியைச் சுற்றி வழிகிறது. கர்சீப்பால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது.

சில வாரங்கள் கழித்து மூடியைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும். பிறகு ஸ்டிக்கர் ஓரம் தூக்கும், பெயின்ட் சுருங்கும். "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால வந்தது" என்று பழி போடுவதுதான் இப்போதைய வழக்கம். அது பாதி உண்மைதான்.

பெட்ரோல் பட்டால் ஏன் கரைகிறது?

பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அதே குடும்பத்து வேதிப்பொருட்கள் பெட்ரோலிலும் இயல்பாகவே உண்டு. அதாவது, டேங்க் மேல் சிந்துவது கிட்டத்தட்ட ஒரு தின்னர்.

அதைத் தாங்குவதும் தாங்காததும் மேலே அடித்த கிளியர் கோட்டைப் பொறுத்தது. சாதாரண ஸ்ப்ரே கேன், என்.சி. லாக்கர் போன்றவை கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கின்றன. அதனால், கரைப்பான் திரும்ப வந்தால் அவை மறுபடி இளகும். 'டூ-கே' எனப்படும் பி.யூ. கிளியர் அப்படி அல்ல. அதில் ஹார்டனர் சேர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடும். முழுதாக இறுகிய பிறகு பெட்ரோல் துளி அதை எளிதில் கரைக்க முடியாது.

இந்த ஊருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லுங்கியும் துண்டும் நெய்யும் ஊர். சாயப்பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த ஊர். நூலின் மேல் சும்மா ஒட்டியிருக்கும் சாயம் முதல் துவைப்பிலேயே போய்விடும். நூலோடு வேதிப்பிணைப்பு கொண்ட ரியாக்டிவ் சாயம் நிற்கும். டேங்க் பெயின்ட்டிலும் இதே கதைதான். துணி வாங்கும்போது "சாயம் போகுமா?" என்று கேட்பவர்கள், ஆயிரக்கணக்கில் செலவு செய்து டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

எத்தனாலுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்தார். 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்கூட்டியே 2025-ல் எட்டப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, இனி இந்த எரிபொருளோடுதான் வண்டி ஓட்டியாக வேண்டும்.

எத்தனாலும் ஒரு கரைப்பான். பலவீனமான லாக்கரை அது மேலும் இளக்கும். பழைய வண்டிகளின் மூடி ரப்பர் வாஷர் உப்பிப்போய்க் கசியவும் அது காரணமாகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்க் அடியில் தண்ணீர் தங்கினால் உள்ளே துரு பிடிக்கும். துரு ஓட்டையிட்டால் பெட்ரோல் உள்ளிருந்து கசிந்து பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். அப்போது மேலே எந்தக் கிளியர் அடித்தாலும் பயன் இல்லை. முதலில் டேங்க்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனால், ஹார்டனர் சேர்க்காத கிளியர் எத்தனால் இல்லாத பெட்ரோலிலும் கரையத்தான் செய்யும்.

'ஃபுல்' என்பது எதுவரை?

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், வெயிலில் நிற்கும் டேங்க்கில் சூடேறி விரியும். 10 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 12 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கூடுதலாக 200 மில்லிக்கு மேல் வரும். ஒரு டம்ளர் பெட்ரோல்! வாய் வரை நிரப்பினால் அது எங்கே போகும்? மூடி வழியாக பெயின்ட் மேல்தான். பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டருக்குள்ளும் போய்க் கெடுக்கலாம். எனவே முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்துவதுதான் சரி.

என்ன செய்யலாம்?

* பட்டறையில் முதல் கேள்வியே, "டூ-கே கிளியர்தானுங்களா? ஹார்டனர் சரியான அளவுல சேர்ப்பீங்களா?" என்பதாக இருக்கட்டும். பில்லில் எழுதித் தரவும் கேளுங்கள்.
* ஸ்டிக்கர், பெயர் எல்லாம் கிளியருக்கு அடியில் இருக்க வேண்டும். மூடி உட்காரும் குழிக்குள்ளும் கிளியர் இறங்கியிருக்க வேண்டும். திறந்திருக்கும் ஓரத்தில்தான் பெட்ரோல் நுழையும்.
* தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே பெட்ரோல் போடாதீர்கள். சூடேற்றும் பூத் இல்லாத பட்டறையில் அடித்த கிளியர் முழுதாக இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.
* அந்த அவகாசத்துக்குப் பிறகு, இன்ஜின் ஆறிய நிலையில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், பெட்ரோல் நனைத்த வெள்ளைத் துணியால் டேங்க்கின் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தாலோ, தேய்த்த இடம் பிசுபிசுத்தாலோ வேலை சரியில்லை.
* சிந்திவிட்டால் அழுத்தித் தேய்க்காதீர்கள். மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பூ கலந்த தண்ணீரால் கழுவுங்கள்.
* மூடியின் ரப்பர் வாஷர் இறுகியோ உப்பியோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேக்ஸ், செராமிக் கோட்டிங் எல்லாம் பளபளப்புக்கு நல்லவை. ஆனால், அடியில் இருக்கும் கிளியர் பலவீனம் என்றால் அவை காப்பாற்றாது.

பேரம் எங்கே வெட்டுகிறது?

இதில் பெயின்டர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. "அங்கே ஐநூறு கம்மியா சொல்றாங்க" என்று பேரம் பேசினால், அந்த ஐநூறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறையும். ஹார்டனர் குறையும், ஒரு கோட் குறையும், காயவிடும் நாள் குறையும்.

கூடவே பெயின்டரின் மூச்சும் இருக்கிறது. டூ-கே ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கட்டிய கர்சீப் அதைத் தடுக்காது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் வேண்டும். அதற்கும் காசு ஆகும். அதையும் சேர்த்துத்தான் நியாயமான கூலி.

ஆகவே, நல்ல பெயின்ட் வேண்டும் என்றால் நல்ல கிளியருக்கும், காயும் நாளுக்கும், அடிப்பவரின் கவசத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசு இப்போது இல்லை என்றால், கம்பெனி பெயின்ட்டோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதே லாபம். அது ஏற்கெனவே பெட்ரோலைத் தாங்கும்படி அடித்த பெயின்ட்தான்.